களவியல்: செட்டிகுளத்துக் கல்வெட்டுப் பாக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஈழத்துச் சைவ வீடுகளில் ஒருவர் இறந்து 31ஆம் நாள், அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்தபின், வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் தரப்படும். அதற்குப் பெயர் கல்வெட்டு. அதில் கல்லும் இல்லை, கல்லை வெட்டுவாரும் இல்லை. வெட்டி ஒட்டுவார் மட்டும் உண்டு. தமிழில் இன்று மிக ஆவலாக வாசிக்கப்படும் கவிதை இந்தப் புத்தகத்தில் இருப்பதுதான் என்றும், மிக அதிகமாகக் களவு போகும் கவிதையும் அதுவே என்றும், இந்த இரண்டுக்கும் உள்ள உறவு தற்செயலானதல்ல என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஓரிடத்தில் தோற்கிறது. அந்த இடம் கடைசியில் வருகிறது.

1. ஆய்வின் தேவை

நமது இலக்கியச் சூழலை ஒரு நாவல் முழுக்க வைத்துக் கேலி செய்தவர் சுந்தர ராமசாமி. 1981இல் வந்த ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’, இல்லாத ஒரு மலையாள எழுத்தாளருக்குப் பிறப்பும் இறப்பும் நாட்குறிப்பும் கொடுத்து, அவரைச் சாட்டி இருக்கிற தமிழ் எழுத்தாளர்களைக் கிள்ளியது. கல்வெட்டுக் கவிராயர் மட்டும் அதில் அகப்படவில்லை. அவர் வாழ்ந்த நாகர்கோவிலில் கல்வெட்டு என்றால் தொல்லியல் துறை சம்பந்தப்பட்டது. ஆகவே இந்தக் குறையை நிரப்பும் கடமை செட்டிகுளம் இருக்கும் வன்னியின் தலையில் விழுகிறது.

ஏனைய கவிதைகளின் நிலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கவிதைத் தொகுதி ஒன்று வெளிவரும்போது மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, அறிமுகவுரை, ஆய்வுரை, ஏற்புரை என்று ஆறு அங்கங்கள் நடக்கும். பெயர் கூப்பிடக் கூப்பிடப் பிரமுகர்கள் கடித உறையோடு மேடையேறி, படத்துக்கு நின்று, பிரதியை வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். வீட்டுக்குப் போனதும் அந்தப் பிரதி காட்சி அலுமாரிக்குள் நித்திரைக்குப் போய்விடும். கல்வெட்டுக்கு வெளியீட்டுரை இல்லை, உறை இல்லை, விலையும் இல்லை. ஆனால் பந்தியில் இலைக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவரும் அதை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து நன்றி நவிலல் வரை வாசிக்கிறார்கள். தங்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவேனும் வாசிக்கிறார்கள். இப்படிப்பட்ட வாசகரை எந்த நவீன கவிஞர் கண்டார்?

2. களமும் தரவும்

செட்டிகுளம் வவுனியா மாவட்டத்தில், மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியில் இருக்கிறது. அரச கடிதங்களில் வெங்கலச்செட்டிகுளம். பஸ்ஸில் வெறும் செட்டிகுளம். 1990இல் போரால் நின்றுபோன றெயில் 2013இல் திரும்பி வந்தது. அதற்கிடையில் போனவற்றில் திரும்பி வராதவை நிறைய.

தரவுகள் ஒரு யூரியாப் பையிலிருந்து பெறப்பட்டன. ஆய்வாளரின் அம்மம்மா ஒரு செத்தவீட்டையும் தவறவிடாதவர். கொண்டுவந்த கல்வெட்டுகளை என்ன செய்வதென்பது அவருக்குத் தீராத சிக்கல். தேவாரம் அச்சடித்த புத்தகத்தை அடுப்பில் போட முடியாது. செத்த ஆளின் படம் போட்ட புத்தகத்தைச் சாமிப்படத்தோடு வைக்கவும் முடியாது. ஆகவே யூரியாப் பைக்குள் போட்டு வளையில் கட்டித் தொங்கவிட்டார். இடம்பெயர்வுகளில் காணி உறுதி தொலைந்தது, பிறப்புச் சான்றிதழ் தொலைந்தது, பை தொலையவில்லை. எத்தனை கல்வெட்டு என்று கேட்போருக்கு: ஒருவரால் தூக்க முடியாது.

3. சொல்லாய்வு

‘களவு’ என்ற சொல் ஆராய்ச்சிக்குரியது. திருட்டுக்கும் அதே சொல், பெற்றோருக்குத் தெரியாமல் காதலிப்பதற்கும் அதே சொல். இரண்டாவதற்கு இலக்கணம் வகுத்த நூல் ‘இறையனார் களவியல்’. 60 நூற்பாக்கள் கொண்டது. அதைச் சிவபெருமானே செப்பேட்டில் எழுதி மதுரைக் கோவிலில் பீடத்தின் கீழ் இட்டார் என்பது உரை சொல்லும் வரலாறு.

இதே இறையனார்தான் தருமி என்ற ஏழைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவரும். தருமி அதைத் தன் பாட்டாகப் பாண்டியன் சபையில் படித்துப் பொற்கிழி கேட்டார். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் அதை நடித்துக் காட்டியபிறகு, பிறர் பாட்டைத் தன் பாட்டென்று சொல்வது குற்றம் என்ற எண்ணமே தமிழர் மனதிலிருந்து அகன்றது. நாம் எல்லாரும் தருமியின் கட்சி. பொருளில் குற்றம் கண்ட நக்கீரர்கூட, “இதை எழுதியது நீதானா?” என்ற கேள்வியைப் பெரிதுபடுத்தவில்லை.

ஆக, பாட்டை இரவல் கொடுத்தவரும் களவியலை இயற்றியவரும் ஒருவரே. அந்தக் களவியலுக்கு உரை கண்டவர் அதே நக்கீரர். இதைவிட நெருக்கமான இலக்கிய வட்டம் கொழும்பிலும் இல்லை.

உரையைத் தேர்ந்தெடுத்த முறையும் கவனிக்கத்தக்கது. புலவர்கள் ஆளுக்கோர் உரை சொன்னார்கள். எது மெய்யுரை என்று முடிவு செய்ய உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளையை நடுவராக இருத்தினார்கள். நக்கீரர் உரையைக் கேட்டபோது பிள்ளை கண்ணீர் விட்டது. அதுவே மெய்யுரை என்று முடிவாயிற்று. தமிழ் விமர்சனத்தின் முதல் அளவுகோல் கண்ணீர். இதனை இனி ‘உருத்திரசன்மன் சோதனை’ என்று குறிப்பிடுவோம், பின்னர் தேவைப்படும்.

4. முன்னோடிகள்

இரவல் எழுத்தை முதலில் வகைப்படுத்தியவர்களில் ஒருவர் 10ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த ராஜசேகரர். ‘காவ்ய மீமாம்சை’ என்ற சமஸ்கிருத நூலில் சொற்களவு, பொருட்களவு என்று பிரித்து, பொருட்களவில் கண்ணாடியில் விழுந்த உருவம் போன்றது, சித்திரம் போன்றது, ஒத்த உடல்கள் போன்றது, பிறர் நகருக்குள் புகுவது போன்றது என்று நான்கு படிகள் வைத்தார். களவாடாத கவியும் இல்லை, களவாடாத வணிகனும் இல்லை. மறைக்கத் தெரிந்தவன் தப்பிவிடுகிறான் என்பது அவர் கருத்து. செட்டிகுளத்தில் கவியும் வணிகரும் ஒரே அச்சகத்தில் ஒரே ஆளாக இருப்பதால் அவர் கருத்து இங்கே இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

உரோமில் மார்ஷியல் என்ற கவிஞர், தம் பாட்டை எடுத்துத் தன்னதென்று படித்தவனை ‘ஆட்கடத்தல்காரன்’ என்று பொருள்படும் சொல்லால் திட்டினார். ஐரோப்பிய மொழிகளில் இலக்கியத் திருட்டுக்கு வழங்கும் சொல் அதிலிருந்து வந்தது. வன்னியில் ஆட்கடத்தல் என்ற சொல்லை உவமைக்குக்கூட எடுத்தாள முடியாது. ஆகவே இக்கட்டுரை களவு என்ற சொல்லோடு நின்றுகொள்கிறது.

நம் இலக்கணிகள் இவ்வளவு கோபப்படவில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூலை மூன்றாக்கினார்கள். முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர்கள் சொற்களையும் அப்படியே போற்றி எடுத்தாளலாம் என்று நன்னூல் அனுமதிப்பத்திரமே கொடுத்தது. ஈழத்தின் ஆரம்ப நாவல்களில் ஒன்றான ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891) திருகோணமலையில் எழுதப்பட்டபோது, அதன் கதை பிரான்சிலிருந்து ஏற்கெனவே பல நூற்றாண்டு நடந்து வந்திருந்தது. வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ தாகூரின் ஒரு வங்கக் கதையிலிருந்து முளைத்தது என்பதும் பழைய செய்தி. அங்கே கதை சொன்னது படித்துறை, இங்கே அரசமரம். செட்டிகுளத்தில் குளமும் இருக்கிறது, அரசமரமும் இருக்கிறது; எவரும் வழக்குப் போடவில்லை.

ஆனால் கல்வெட்டுக் கவிராயருக்கு உண்மையான பக்கபலம் பேராசிரியர் கைலாசபதி. 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளியான தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய நூலில், சங்கப் பாணர்கள் ஆயத்தமான தொடர்களைக் கையில் வைத்திருந்து, சபைக்கேற்பக் கோத்துப் பாடினார்கள் என்று வாதிட்டார். அரசன் மாறினால் பெயர் மாறும், தொடர் நிற்கும். ஒப்பாரி சொல்லும் ஆச்சியும் அதைத்தான் செய்கிறார். “என்ரை ராசா” என்ற இடத்தில் “என்ரை ராசாத்தி” போட்டுவிட்டு மேலே போகிறார்; ஆரும் அவரைக் கள்ளி என்று சொல்வதில்லை. அச்சகத்துக் கொம்பியூட்டரில் ‘அப்பா-3’, ‘அம்மா-புதுசு’, ‘மாமா-கடைசி’ என்று பெயரிட்ட கோப்புகளும் அந்தப் பாணர் மரபின் தொடர்ச்சியே.

5. உறவுச் சீர்க் கொள்கை

இனி ஆய்வாளரின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒருவருக்காக எழுதிய பாட்டை இன்னொருவருக்குப் போடும்போது தளை தட்ட வேண்டும். ஆனால் தட்டுவதில்லை. ஏன்?

அப்பா: நேர் நேர், தேமா. அம்மாவும் தேமா. மாமா, மாமி, அண்ணா, அக்கா, தம்பி, மச்சான், மச்சாள், ஆச்சி, பேரன், பேத்தி எல்லாம் தேமா. கணவன் புளிமா, மனைவியும் புளிமா. மருமகன் கருவிளம், மருமகளும் கருவிளம். அப்பப்பா, அம்மம்மா, அப்பம்மா மூவரும் தேமாங்காய். அந்தந்த வரிசைக்குள் எவரைத் தூக்கிவிட்டு எவரை வைத்தாலும் வெண்பா அசையாது. ஒரு மொழி தன் உறவுப் பெயர்களை இப்படி அமைத்துவிட்டுக் கவிராயரைக் கள்ளன் என்பது நியாயமல்ல. கதவைத் திறந்து வைத்தது யாப்பு.

விதிவிலக்கும் உண்டு. சித்தப்பா தேமாங்காய், பெரியப்பா புளிமாங்காய். ஒருவர் நேரில் தொடங்க மற்றவர் நிரையில் தொடங்குவதால், சித்தப்பாவின் பாட்டுக்குள் பெரியப்பாவை இறக்கினால் தளை உடையும். கூட்டுக் குடும்பங்களில் காணிப் பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்று தேடுவோர் இதையும் கவனிக்கலாம்.

பெயர்களிலும் ஒரு தலைமுறை கவிராயருக்கு ஒத்துழைத்தது. செல்லம்மா, பொன்னம்மா, நாகம்மா, சின்னப்பு, செல்லப்பா அனைவரும் தேமாங்காய். செல்லத்துரையும் சின்னத்துரையும்தான் தொந்தரவு. அவை கனிச்சீர், வெண்பாவுக்கு ஆகாது. செல்லத்துரைகளை ‘செல்லத்’ என்று ஒரு சீரிலும் ‘துரை’ என்று அடுத்த சீரிலும் இரண்டாக வெட்டித்தான் வெண்பாவில் கிடத்த வேண்டும். இதற்கு வகையுளி என்று பெயர். உறவினர் காதில் போட வேண்டியதில்லை.

அவர்களுக்குப் பின் வந்த பிள்ளைகளின் பெயர்கள் பெரும்பாலும் யாப்புக்குள் நுழைவதில்லை. பாதி ‘ட’வில் தொடங்குகின்றன, டகரம் சொல்லுக்கு முதலில் வராதென்று தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு, இறந்த நாளைக் குறிக்கும் திதி வெண்பா எழுதும் நிலை வரக்கூடாது என்பது கவிராயர்களின் தொழில்முறைப் பிரார்த்தனை. பிரார்த்தனை எவ்வளவு பலித்தது என்பது வன்னிக்குத் தெரியும்.

6. பிழைவழிக் களவறிதல்

1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் கண்டார். இரண்டு ஏட்டில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பது அந்தத் துறையின் பாலபாடம். அதே முறை யூரியாப் பைக்கும் பயன்பட்டது.

ஏதோவொரு கல்வெட்டில், ‘பாசமிகு தந்தையே’ என்று வரவேண்டிய இடத்தில் ‘பாசிமிகு தந்தையே’ என்று விழுந்துவிட்டது. அதன்பின் வெவ்வேறு ஊர், வெவ்வேறு குடும்பம், வெவ்வேறு ஆண்டு எனப் பல தந்தையர் பாசி பிடித்தபடியே சிவபதம் அடைந்திருக்கிறார்கள். குளத்து ஊர்களில் அது இயல்பென்று விட்டிருக்கலாம். இந்தப் பிரதிகளுக்குப் ‘பாசிக் கிளை’ என்று பெயரிட்டுள்ளோம். இன்னொரு கிளையில், கலியாணமே செய்யாத பெரியவர் ஒருவருக்கு ‘மனைவி புலம்பல்’ எட்டு அடியில் இருக்கிறது. 31ஆம் நாள் முழுதும் அவருடைய சகோதரிகள் அழுவதை விட்டுவிட்டு அந்த மனைவி ஆரென்று விசாரித்ததாகச் சொல்லக்கேள்வி.

களவாட முடியாத பகுதி கல்வெட்டில் ஒன்றே ஒன்று: திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பூர்வபக்கமோ அபரபக்கமோ, திதி, பெயர் எல்லாவற்றையும் நான்கடிக்குள் அடக்கி, நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றால் முடிக்க வேண்டும். சாவுக்கு எழுதிய பாட்டு ‘பிறப்பு’ என்ற வாய்பாட்டில் முடியலாம் என்று அனுமதித்த இலக்கணத்துக்கு நகைச்சுவை உணர்வு இல்லையென்று சொல்ல முடியாது. ஒருவருடைய திதி இன்னொருவருக்குப் பொருந்தாது. கல்வெட்டில் செத்தவருக்கே சொந்தமானது அந்த நாலடி மட்டும்.

7. நேர்காணல்

ஆய்வாளருக்கு இந்தத் துறையில் சொந்த வழக்கு ஒன்று உண்டு. மேற்சொன்ன அம்மம்மா இறந்தபோது கல்வெட்டுப் பாட்டைத் தானே எழுதினார். முற்றத்தில் நெல் காயவிட்டு, பூவரசந்தடியோடு திண்ணையில் இருந்து நாள் முழுக்கக் காகம் கலைத்தவர் அம்மம்மா. இன்று அவருக்கென்று இலையில் சோறு வைத்து அந்தக் காகத்தையே கூப்பிடுகிறோம் என்பது பாட்டின் கருத்து. ஒரு சொல்லும் இரவல் இல்லை.

இரண்டு வருடத்தின் பின் வவுனியாவில் ஓர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியின் 31ஆம் நாளுக்குப் போனபோது, பந்தியில் வைத்து அந்தப் பாட்டைப் படிக்க நேர்ந்தது. அதிகாரியும் நெல் காயவிட்டிருந்தார், காகம் கலைத்திருந்தார். ஆய்வாளர் பாயாசத்தைக் குடியாமல் எழும்பி நேரே அச்சகத்துக்குப் போனார். அந்த உரையாடல் மாற்றமின்றித் தரப்படுகிறது.

“ஐயா, உது நான் எங்கடை அம்மம்மாவுக்கு எழுதின பாட்டு.”

“ஓம் தம்பி, நல்ல பாட்டு. அதுதானே போட்டனான்.”

“கேக்காமல் போடலாமே?”

“ஆரைக் கேக்கிறது? அம்மம்மாவையே?”

“அந்த மனிசன் பாங்கிலை வேலை செய்தவர். அவர் எந்த முத்தத்திலை காகம் கலைச்சவர்?”

“அது எனக்கென்ன தெரியும்? புறூவ் வாசிச்சுப்போட்டு அவற்றை மனிசி அழுதவா. தம்பி, சாவு எல்லாருக்கும் ஒண்டு. பாட்டு மட்டும் ஏன் ஆளுக்கொண்டு?”

உருத்திரசன்மன் சோதனையை அச்சகத்து ஐயா படித்திருக்க நியாயமில்லை. ஆனால் அதன்படிதான் தீர்ப்பளித்தார்: அழுதவர் எவரோ, பாட்டு அவருடையது. ஆய்வாளரிடம் பதில் இருக்கவில்லை. பிளேன்ரீ வந்தது, குடித்தார்.

8. வகைப்பாட்டுக்குள் வராத ஒரு தரவு

பிளேன்ரீ முடியுமுன் செட்டிகுளத்துப் பக்கத்து அம்மா ஒருவர் உள்ளே வந்தார். கணவரின் கல்வெட்டுக்கு. ஐயா விபரம் எழுதினார். திதி தெளிவாக இருந்தது. ஐயர் துண்டில் குறித்துக் கொடுத்திருந்தார். பிள்ளைகளின் பெயர் கேட்டபோது மூன்று சொன்னார். மூன்றாவது பெயர் ‘ட’வில் தொடங்கியது.

“மூண்டாவது மகன் எங்கை இருக்கிறார்?”

“2009க்குப் பிறகு தெரியாது.”

ஐயா பேனையைத் தூக்கிப் பிடித்தபடி, மெல்லக் கேட்டார்: “அப்ப, காலஞ்சென்ற எண்டு போடவோ அம்மா?”

“போட வேண்டாம். மற்றப் பிள்ளையளோடை சேர்த்துப் போடுங்கோ.”

ஐயா கொம்பியூட்டரில் பாட்டுத் தேடினார். எது கிடைத்தது என்று சொல்லத் தேவையில்லை. அம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை. ஆகவே ஆய்வாளர்தான் வாசித்தார், தன் பாட்டைத்தான் வாசிக்கிறார் என்று சொல்லாமல். கடைசி அடியில் அம்மா மறித்தார்.

“தம்பி, பிள்ளையள் புலம்பலிலை அந்தக் காகத்துக்குச் சோறு வைக்கிற வரி வேண்டாம். மூத்ததுகள் வைச்சவை. அவன் வைக்கேல்லைத்தானே. அவன்ரை பேரும் அதிலை வருகுது. பொய்யாப் போயிடும்.”

“அப்ப என்னம்மா எழுதுறது?”

“காகம் கத்தினால் ஆரும் வருவினம் எண்டு போடுங்கோவன்.”

ஆய்வாளர் அங்கேயே நின்று தன் அடியை வெட்டிவிட்டு அந்த அடியை எழுதினார்.

ஆய்வு நெறிப்படி ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். காகம் கரைந்தால் விருந்து வரும் என்பது அந்த அம்மாவின் கற்பனையன்று. குறுந்தொகையில் நச்செள்ளையார் அதைப் பாடி, அந்தப் பாட்டாலேயே ‘காக்கைபாடினியார்’ என்று பெயர் பெற்றார். அங்கேயும் காகத்துக்குச் சோறு உண்டு. ஆனால் அது போனவருக்காக வைத்த சோறன்று, ஒருவர் திரும்பி வருவார் என்று கரைந்ததற்குக் கொடுக்கும் கூலி. ஆகவே அம்மாவின் அடி பொருட்களவு. ராஜசேகரரின் நான்கு படிகளில் எதில் வைப்பதென்று தெரியவில்லை. வைக்க மனமும் இல்லை.

எழுதியதை அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். உருத்திரசன்மன் சோதனையில் அந்த அடி தேறவில்லை, அவர் அழவில்லை. “ஓம், உது சரி” என்றுவிட்டு, புறூவ் பார்க்க எப்ப வரவேணும் என்று கேட்டார்.